மீன் வாங்குமுன் கிணற்றைப் பாருங்கள்

யாழ்ப்பாண நகரில் அலங்கார மீன் விற்கும் கடைகள் இன்று பல உள்ளன. கண்ணாடித் தொட்டி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்கூட ஒரு பெரிய போத்தலிலாவது இரண்டு கப்பி மீன்களை விட்டுப் பார்த்திருப்பார்கள். எங்கள் வகுப்பில் மீன் வளர்த்த தோழியரிடம் அனுபவம் எப்படி என்று கேட்டேன். பெரும்பாலானோர் சொன்ன கதை ஒன்றுதான். வாங்கிய அன்று அழகாக நீந்தின. அடுத்த நாள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒரு கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "எங்கட வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

ராசி என்று நாம் சொல்வதற்குள் மூன்று காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று தண்ணீர். மற்றது, அந்த மீன் எங்களிடம் வந்த பயணம். மூன்றாவது, அதன் தாய் தந்தை. கடையில் நாம் பார்ப்பதோ இந்த மூன்றையும் அல்ல, நிறத்தை மட்டுமே. நிறத்தைப் பார்த்து மீன் வாங்குவது, உறையைப் பார்த்துப் புத்தகம் வாங்குவது போன்றது. நல்ல மீனை எப்படித் தேடிக்கொள்வது என்பதை, உயர்தர உயிரியலில் நான் படித்ததையும் வீட்டில் பார்த்துப் பழகியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டின் பின்புறத்தில் ராத்தா நான்கு சீமெந்துத் தொட்டிகளில் கப்பி வளர்த்து விற்கிறார். என் ரியூசன் காசில் ஒரு பகுதி அந்தத் தொட்டிகளிலிருந்துதான் வருகிறது. ஆகவே மீன் செத்தால் எங்களுக்கு அது வெறும் கவலை மட்டுமல்ல.

எங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறும் மாரி காலத்தில் மட்டுமே ஓடுகிறது. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கும் நாம் காலங்காலமாக நம்பியிருப்பது நிலத்தடி நீரையே. அந்த நீர் மயோசீன் காலத்துச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தங்கியிருக்கிறது. மழைநீர் மண்ணூடாக இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணக்கல்லைக் கரைக்க, கல்சியமும் இருகாபனேற்றும் நீரில் சேர்கின்றன. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் இதனால்தான். எங்களுடையது வன்னீர். கொஞ்சம் காரத்தன்மையும் உடையது.

இன்னொரு விடயம் உவர். நன்னீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே அது நிலத்தின் கீழே உவர்நீரின் மேல் மிதந்தபடி நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். கடனீரேரியை அண்டிய பகுதிகளில் கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறுகிறது. வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்றும் பல கிணறுகளில் அதிகமாக உள்ளது.

இதற்கும் மீனுக்கும் என்ன தொடர்பு? நன்னீர் மீனின் உடலில் உள்ள உப்பின் செறிவு வெளியே உள்ள நீரைவிட அதிகம். ஆகவே பிரசாரணத்தினால் நீர் பூக்களினூடாக ஓயாமல் உள்ளே புகுகிறது. அதை வெளியேற்றுவதற்குச் சிறுநீரகமும், இழந்த உப்பை மீளப் பெறுவதற்குப் பூக்களும் இடைவிடாமல் வேலை செய்கின்றன. ஒவ்வோர் இனத்தின் உடலும் அது பிறந்த நீருக்கு ஏற்றபடியே இந்த வேலையைப் பழகியிருக்கிறது. அமேசன் காட்டின் மென்னீரில் தோன்றிய நியோன் ரெட்ரா எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சில காலம் உயிரோடு இருக்கலாம். ஆனால் அதன் முட்டைகள் பொரிப்பது அரிது. டிஸ்கஸ் மீனுக்கும் எங்கள் தண்ணீர் இலகுவானதல்ல.

மாறாக, கப்பி, மோலி, பிளட்டி, வாள்வால் ஆகிய குட்டியீனும் மீன்களுக்கு வன்னீர் நன்றாகவே பிடிக்கும். மோலி உவர் கலந்த நீரையும் தாங்கும். ஆகவே முதன்முதலாக மீன் வளர்ப்போருக்கு நான் சொல்வது இதுதான்: தண்ணீரை மீனுக்கு ஏற்றபடி மாற்றப் போராடாதீர்கள். தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேடுங்கள். அதற்குப் பணம் செலவில்லை. கடைக்குப் போகுமுன் சொந்தக் கிணற்றைப் பார்த்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை. வெள்ளம் வந்த பிறகு கிணறுகளுக்கு வெளிற்றும் தூள் போடுவார்கள். அப்படிப் போட்ட கிணற்றின் நீரையோ குழாய் நீரையோ நேரடியாகத் தொட்டியில் ஊற்றக்கூடாது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்ட பின்னர் குழாய் நீர் பாவிக்கும் வீடுகள் கூடிவருகின்றன. அந்த நீரிலுள்ள குளோரீன் எங்களைக் கிருமிகளிடமிருந்து காக்கிறது. மீனின் பூக்களையோ அது எரித்துவிடும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து, இடையிடையே கலக்கி விட்டால் குளோரீன் வெளியேறிவிடும்.

பயணத்தில் நடப்பது என்ன?

யாழ்ப்பாணக் கடைகளில் உள்ள மீன்களில் பல, கொழும்பு, கம்பஹா பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருகின்றன. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். ஒட்சிசன் நிரப்பிய பொலித்தீன் பைகளில் கட்டி, றெஜிபோம் பெட்டிகளில் அடுக்கி, இரவு வாகனத்தில் ஏற்றுவார்கள். காலையில் பெட்டியைத் திறந்தால் மீன்கள் உயிரோடுதான் இருக்கும். ஆனால் புதுத் தண்ணீரில் விட்ட சில மணித்தியாலங்களில் சாகத் தொடங்கும். வழியில் சாகாத மீன் வீட்டுக்கு வந்து சாவது ஏன் என்று பலரும் வியப்பார்கள். விடை உயர்தர இரசாயனவியல் புத்தகத்தில் இருக்கிறது.

மீன் தன் கழிவை முக்கியமாக அமோனியாவாகவே வெளியேற்றுகிறது. மூடிய பைக்குள் அது சேர்ந்துகொண்டே போகும். நீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். அமோனியம் அயன் அவ்வளவு நஞ்சல்ல. அமோனியா மூலக்கூறு கொடிய நஞ்சு. இவ்விரண்டுக்கும் இடையிலான சமநிலையைத் தீர்மானிப்பது பி.எச். பெறுமானம். மீன் சுவாசிப்பதால் பைக்குள் காபனீரொட்சைட்டும் சேர்ந்து நீர் அமிலமாகிறது. ஆகவே அமோனியாவின் பெரும்பகுதி அயனாகவே நின்றுவிடுகிறது. இறைவன் அமைத்த ஒரு பாதுகாப்பு இது என்றே சொல்லலாம். பையைத் திறந்தவுடன் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அதன்மேல் எங்கள் காரத்தன்மையுள்ள கிணற்று நீரையும் ஊற்றினால் பி.எச். விரைவாக உயர்கிறது. எங்கள் ஊர் வெப்பநிலையில், பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவே நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது ஆறேழு பங்காகிவிடும். அதாவது, கிட்டத்தட்டப் பத்து மடங்கு.

ஆகவே செய்ய வேண்டியது இது. மீன் தூரத்திலிருந்து, பல மணித்தியாலங்கள் பையில் இருந்து வந்திருந்தால், பையைத் திறக்காமல் தொட்டி நீரில் கால் மணித்தியாலம் மிதக்க விடுங்கள். வெப்பநிலை சமமானதும் பையைத் திறந்து, தாமதிக்காமல் மீனைச் சிறு வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றவே வேண்டாம். பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்த மீன் என்றால் அமோனியா சேர்வதற்கு நேரமில்லை. அப்போது தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்துப் பழக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒரே முறையைக் கையாள்வதால்தான் பல மீன்கள் வீணாகின்றன.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். பெட்டி வந்திறங்கிய அன்றே மீன் வாங்குவது நல்லதல்ல. "அண்ணா, இந்த மீன் எப்ப வந்தது?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வந்து ஒரு கிழமையாவது கடைத் தொட்டியில் தங்கி, எங்கள் தண்ணீரில் உண்டு நீந்திய மீனே தேறிய மீன். நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார்.

கடையில் எதைப் பார்ப்பது?

முதலில் நீங்கள் விரும்பிய மீனைப் பார்க்காதீர்கள். அந்தத் தொட்டி முழுவதையும் பாருங்கள். ஒரு மீன் செத்துக் கிடந்தாலோ ஒன்று மூலையில் சோர்ந்து நின்றாலோ, அதே தொட்டியிலிருக்கும் மிக அழகான மீனும் அதே நீரைத்தான் குடித்திருக்கிறது. பக்கத்துத் தொட்டிக்கும் இந்தத் தொட்டிக்கும் ஒரே வலையைப் பாவிக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். நோய் பெரும்பாலும் வலையின் ஈரத்தில்தான் பயணம் செய்கிறது.

அடுத்து மீனின் உடல். செட்டைகள் விரிந்திருக்க வேண்டும். உடலோடு ஒட்டியிருந்தால் அது நலமாக இல்லை. வயிறு உட்குழிந்திருந்தால் பட்டினி அல்லது குடற்புழு. கப்பியின் மலவாயிலில் சிவப்பு நூல் போல் ஏதும் நீட்டிக்கொண்டிருந்தால் அது கமல்லானஸ் என்னும் உருளைப்புழு. அந்தக் கடையில் அன்றைக்கு எதுவும் வாங்காமல் திரும்புவதே நல்லது. உப்புத்தூள் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் வெண்புள்ளி நோய். செதில்கள் எழும்பி, உடல் வீங்கியிருந்தால் உள்ளுறுப்புகள் பழுதடைந்துவிட்டன என்று பொருள். முதுகெலும்பு வளைந்த மீனை ஒருபோதும் வாங்க வேண்டாம். அது பிறவிக் குறையாகவும் இருக்கலாம், மீன்களுக்கு வரும் ஒருவகைக் காசநோயாகவும் இருக்கலாம். அந்தப் பற்றீரியா கையிலுள்ள காயத்தினூடாக மனிதரின் தோலையும் தொற்றக்கூடியது. கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டியைக் கழுவக் கூடாது என்று ராத்தா எங்களைக் கண்டிப்பது அதனால்தான்.

பின்னர் கடைக்காரரிடம் கொஞ்சம் உணவு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உணவைக் கண்டு ஓடி வராத மீன் நலமான மீனல்ல. இந்த ஒரு சோதனை பல புத்தகங்களுக்குச் சமம்.

கண்ணைப் பறிக்கும் நிறங்களில் ஏமாற்றும் இருக்கிறது. உடல் கண்ணாடி போலத் தெளிவாக உள்ள ஒருவகைச் சிறு மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றிப் பச்சை, இளஞ்சிவப்பு என்று விற்கும் வழக்கம் உலகின் பல இடங்களில் இருந்திருக்கிறது. சாயம் சில மாதங்களில் மங்கிவிடும். ஊசி குத்திய காயமோ நோய்க்கு வாசலாகும். இன்னும் சில இடங்களில், நிறம் விரைவாக ஏறுவதற்காக மீன் உணவில் ஆண் ஓமோன் கலக்கிறார்கள். அத்தகைய மீன் பார்வைக்கு அரசனாக இருந்தாலும் குட்டி தருவது சந்தேகமே. வயதுக்கு மிஞ்சிய நிறத்தைக் கண்டால் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

தந்தையைப் போல மகன்

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது எங்கள் பழமொழி. ஆனால் கப்பியின் விடயத்தில் இது கொஞ்சம் மாறுகிறது. கப்பி தென்னமெரிக்காவின் வடபகுதிக்கும் திரினிடாட் தீவுக்கும் உரிய மீன். திரினிடாட்டிலிருந்து இதனை இலண்டனுக்கு அனுப்பிய ரொபர்ட் கப்பி என்பவரின் பெயரை 1866 இல் இதற்குச் சூட்டினார்கள். அதற்கு ஏழு வருடங்கள் முன்பே ஜேர்மானியரான பீற்றர்ஸ் இதனை விவரித்திருந்ததால் விஞ்ஞானப் பெயர் மாறிவிட்டது. ஆனாலும் கப்பி என்ற பெயர் மட்டும் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

1920 இல் டென்மார்க்கைச் சேர்ந்த யொகான்னஸ் ஷ்மிட், கப்பியின் ஒரு புள்ளியைத் தொடர்ந்து கவனித்தார். அது தந்தையிடமிருந்து மகன்மாருக்கு மட்டுமே சென்றது. அதே நாட்டவரான விங்கே, அடுத்து வந்த வருடங்களில், அந்தப் புள்ளிக்குரிய பரம்பரையலகு வை நிறமூர்த்தத்தில் இருப்பதை விளக்கினார். நாம் பாடத்தில் படிக்கும் இலிங்கமிணைந்த தலைமுறையுரிமைக்கு இது ஒரு புகழ்பெற்ற உதாரணம். எல்லா நிறங்களும் அப்படியல்ல. சில எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளன. வெளிறி இயல்பு போன்றவை ஏனைய நிறமூர்த்தங்களில், பின்னிடைவானவையாக ஒளிந்திருக்கும். பெண் கப்பி நிறமற்றதாகத் தெரிந்தாலும் அதன் மகனின் வாலில் பாதி அழகு அவளிடமிருந்தே வரக்கூடும்.

இப்போது கடைக்கு வருவோம். அங்கே ஆண்களும் பெண்களும் ஒரே தொட்டியில் கலந்திருக்கும். நீங்கள் சிவப்பு வால் ஆணொன்றையும் அழகான பெண்ணொன்றையும் தெரிந்தெடுத்துச் சோடி என்று கொண்டு வருவீர்கள். ஆனால் பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த பின் விந்துக்கலங்களைப் பல மாதங்கள் தன் உடலில் சேமித்து வைக்கும். நான்கு கிழமைக்கொரு முறை அது போடும் குட்டிகளின் தந்தை, நீங்கள் வாங்கிய சிவப்பு வால் ஆணாக இருக்க வேண்டியதில்லை. கடைத் தொட்டியில் விட்டு வந்த ஏதோ ஓர் ஆணாக இருக்கலாம். "சிவப்பு வாங்கினேன், எல்லாம் சாம்பலாகப் பிறந்தன" என்ற முறைப்பாட்டின் இரகசியம் இதுதான்.

நல்ல வளர்ப்பாளர் என்ன செய்வார் என்பதை ராத்தாவின் தொட்டிகளில் பார்க்கலாம். குட்டிகளுக்கு மூன்று, நான்கு கிழமை ஆகும்போதே பெண்ணின் வயிற்றருகே கருமையான புள்ளி தெரியத் தொடங்கும். ஆணின் குதச்செட்டை ஒடுங்கி நீளும். அப்போதே இரண்டையும் வெவ்வேறு தொட்டிகளில் பிரித்துவிடுகிறார். வளர்ந்த பின் சிறந்தவற்றை மட்டும் தெரிந்தெடுத்துச் சேர்க்கிறார். எந்தத் தந்தை, எந்தத் தாய், எத்தனையாம் திகதி, எத்தனை குட்டி என்பதெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதப்பட்டிருக்கும். எங்கள் வீட்டில் என் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுக்க ஒரு மணித்தியாலம் ஆகும். ஆனால் மூன்றாம் தொட்டிக் கப்பியின் பாட்டனார் யார் என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

தூய வகையைக் காப்பதற்காக ஒரே குடும்பத்துக்குள் திரும்பத் திரும்பச் சேர்த்தால் இன்னொரு தொல்லை வரும். ஒளிந்திருக்கும் பின்னிடைவான குறைகள் இரண்டு பக்கத்திலிருந்தும் சந்தித்து வெளிப்படும். குட்டிகளின் தொகை குறையும், முதுகு வளையும், சிறு நோய்க்கும் மடியும். இதனால் ஒரே வகையை இரண்டு தனித் தொட்டிகளில் இரண்டு குடும்பங்களாக வளர்த்து, சில தலைமுறைகளுக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து மற்றதற்கு மீன் மாற்றுவார்கள். வளர்ப்பாளரிடம் போனால் "சோடி எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "இதன் தாய் தந்தையைக் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். காட்ட முடிந்தவரிடம் வாங்குங்கள். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. எங்கள் கிணற்று நீரிலேயே பல தலைமுறை பிறந்து வளர்ந்த மீனுக்கு நீண்ட பயணமும் இல்லை, புதுத் தண்ணீரும் இல்லை. முன்பு சொன்ன மூன்று காரணங்களுக்கும் ஒரே விடை, ஊரில் நேர்மையாக வளர்ப்பவர்தான்.

வீட்டுக்கு வந்த பின்

மீனுக்கு முன் தொட்டி தயாராக வேண்டும். மீன் வெளியேற்றும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரைற்றாகவும், இன்னொருவகை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதலிரண்டும் நஞ்சு. மூன்றாவது அவ்வளவு கொடியதல்ல. கிழமைக்கொரு முறை நீரில் மூன்றிலொரு பங்கை மாற்றினால் அதன் அளவு கட்டுக்குள் நிற்கும். பளபளவென்று கழுவிய புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் இல்லை. அவை பெருகப் பல கிழமைகள் ஆகும். நலமான பழைய தொட்டியொன்றின் ஸ்பொஞ்ச் வடிகட்டியைப் பிழிந்து ஊற்றினால் வேலை விரைவாகும். வடிகட்டியைக் குளோரீன் கலந்த நீரில் கழுவக் கூடாது. அழுக்கோடு அந்த நல்ல பற்றீரியாக்களும் போய்விடும்.

60 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் கொண்ட தொட்டி 54 லீற்றர் கொள்ளும். அதில் பன்னிரண்டு கப்பிகள் போதும். வெப்பம் கூடக் கூட நீரில் கரையும் ஒட்சிசன் குறையும் என்பதால் சித்திரை வெயிலில் நெருக்கம் ஆபத்தானது.

புது மீனைப் பழைய மீன்களோடு உடனே சேர்க்க வேண்டாம். இரண்டு மூன்று கிழமை தனி வாளியில், தனி வலையோடு வைத்திருங்கள். எங்கள் வெப்பநிலையில் வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி மூன்று நான்கு நாட்களில் தன் வாழ்க்கை வட்டத்தை முடித்துவிடும். ஆகவே ஒளிந்திருந்தால் அந்தக் காலத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடும். மருந்து அதன் நீந்தும் பருவத்தையே கொல்லும் என்பதால், புள்ளிகள் மறைந்த பின்னும் சில நாட்கள் மருந்தைத் தொடர வேண்டும். கப்பியும் மோலியும் லீற்றருக்கு 2 கிராம் அளவு உப்பைத் தாங்கும். அது ஆரம்ப நிலையில் உதவும்.

தொட்டிக்கு அப்பால்

நலமான மீன் எங்களுக்கு அழகுக்காக மட்டும் தேவைப்படவில்லை. 1990 ஒக்ரோபரில் எங்கள் சமூகம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. திரும்பி வந்தவர்கள் உண்டு. புத்தளத்திலும் கொழும்பிலும் தங்கிவிட்டவர்களும் உண்டு. எங்கள் தெருக்களில் ஆளில்லாத வளவுகளும், யாரும் அள்ளாத கிணறுகளும் இன்னும் இருக்கின்றன. அள்ளாத கிணறு நுளம்புக்கு வீடு.

இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்றிதழ் வழங்கியது. அதே வருட இறுதியில், நகரங்களில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் புது நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது கிணறுகளில் பெருகும் இனம் என்பதால், கிணறுகளில் கப்பி விடுவதும் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளில் ஒன்றாயிற்று. டெங்கு நுளம்பின் குடம்பிகள் குடாநாட்டின் உவர்நீரிலும் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற்றுறை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். டெங்குவால் வகுப்பில் வெறுமையான கதிரையைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் பாடமல்ல.

கிணற்றுக்கு விடும் கப்பிக்கும் அதே சோதனைகள் பொருந்தும். நோயுள்ள மீன் கிணற்றில் ஒரு கிழமையும் நிலைக்காது. விசிறி வால் மீன் வேண்டாம். நீண்ட வால் நீந்தத் தடை. குட்டை வாலுள்ள, சுறுசுறுப்பான சாதாரண மீனே நுளம்புக் குடம்பிகளைத் துரத்திப் பிடிக்கும். ராத்தா தெரிந்தெடுக்கும்போது ஒதுக்கிவைக்கும் நிறம் குறைந்த, ஆனால் நலமான மீன்களை வீசுவதில்லை. கேட்டு வரும் அயலவருக்குக் கிணற்றுக்காகச் சும்மா கொடுக்கிறார். வெளிற்றும் தூள் போட்டால் மீன் செத்துவிடும் என்பதையும் சொல்லியே அனுப்புகிறார்.

ஆனால் கிணறு வேறு, குளம் வேறு. வளர்த்து அலுத்த மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடுவது இரக்கமல்ல. அலங்காரத் தொட்டிகளிலிருந்து தப்பிய கத்திமீன் கொழும்பை அண்டிய நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களை உண்கிறது. ரேங்க் கிளீனர் என்று நாம் ஆசையோடு வாங்கும் மீனும் வெளியே போனால் அப்படித்தான். எங்கள் குளங்களில் நெற்றியில் வெள்ளிப் புள்ளி மின்னும் சிறு மீன்கள் நுளம்புக் குடம்பிகளை உண்டு ஏற்கெனவே எங்களுக்கு உதவிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் இடத்தைப் பறிக்க வேண்டாம். வேண்டாத மீனை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்க விரும்புபவருக்குக் கொடுங்கள்.

இலங்கைக்கே உரிய அழகிய மீன்களும் உண்டு. 1929 இல் தெரணியகல விவரித்த செந்நிறச் சிறுமீனைச் சிங்களத்தில் லே தித்தயா என்பார்கள். புலத் ஹபயா என்றால் வெற்றிலை மென்றவன் என்று பொருள். இனப்பெருக்க காலத்தில் ஆண் மீனின் முகம் அப்படிச் சிவந்துவிடும். இவை ஈரவலயக் காட்டோடைகளின் மென்னீருக்குப் பழகியவை. இவற்றை வாங்க விரும்பினால் காட்டிலிருந்து பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். பண்ணையில் பிறந்தது என்றால் மட்டும் வாங்குங்கள்.

இலங்கை உலகுக்கு அலங்கார மீன் அனுப்பும் நாடுகளில் ஒன்று. அனுப்பும் நன்னீர் மீன்களில் கப்பிக்குப் பெரிய இடமுண்டு. 1998 இன் 53 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை, குருநாகல் மாவட்டத்து ரம்படகல்லவில் அலங்கார மீன் இனப்பெருக்கத்துக்கும் பயிற்சிக்கும் ஒரு நிலையத்தை நடத்துகிறது. நிலம் குறைந்த, வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்கள் வீட்டின் பின்புறத்தில் செய்யக்கூடிய தொழில் இது. இரண்டு தொட்டியும் ஒரு கிணறும் ஒரு கொப்பியும் போதும். இவற்றில் கொப்பிதான் முக்கியம். மீன் பேசாது. தன் தாய் யார், தந்தை யார், எங்கே பிறந்தேன், என்ன நோய் கண்டேன் என்று வாங்குபவருக்கு அதனால் சொல்ல முடியாது. அதற்காக விற்பவர் உண்மை சொல்ல வேண்டும். வாங்குபவரும் அந்த உண்மையைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும். நிறத்துக்குப் பணம் கொடுக்கும்வரை கடைகளில் நிறமே கிடைக்கும். நலத்தைக் கேட்டு வாங்கத் தொடங்கினால் நலமான மீன்களும் கடைக்கு வரும்.